திரையில் 120, படத்தில் எத்தனை?

ஷோரூமில் இரண்டு டிவிகளை அடுத்தடுத்து வைத்து ஒரே சினிமாக் காட்சியை ஓட்டினால், சில சமயம் ஒன்றில் மட்டும் நடிகர்கள் ஜன்னலுக்கு அப்பால் நிற்பதுபோல் தெரிவார்கள். விலை அட்டை அதற்குச் சொல்லும் காரணம் 120 ஹெர்ட்ஸ். திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுவது உண்மைதான். ஆனால் உயிரோட்டம் அந்த எண்ணிலிருந்து வருவதில்லை. நொடிக்கு எத்தனை வெவ்வேறு கணங்கள் கண்ணை வந்தடைகின்றன என்பதைப் பொறுத்தது அது. சினிமா தருவது 24 மட்டுமே. மீதி 96 இடங்களை டிவி எதைக்கொண்டு நிரப்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நகரும் பொருளைப் பின்தொடரும் கண் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். எல்சிடி, ஓஎல்இடி திரைகளோ ஒரு படத்தை அடுத்தது வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருக்கும். கண் நகர்கிறது, படம் நிற்கிறது. விழித்திரையில் அது தீற்றலாக விழுகிறது. 3840 புள்ளி அகலமுள்ள 4கே திரையை ஒரு பந்து நான்கு நொடியில் கடக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 60 படம் என்றால் தீற்றல் 16 புள்ளி அகலம். 120 தனித்தனிப் படங்கள் என்றால் 8. அதே 60 படங்களை இரண்டிரண்டு முறை காட்டினால் மறுபடியும் 16தான், திரை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும். பழைய பிக்சர் டியூப் டிவியில் ஒளி பளிச்சென்று தோன்றி உடனே அணைந்ததால் இந்தத் தொல்லை குறைவு. இப்போது சில டிவிகள் படங்களுக்கு நடுவே கறுப்பைச் செருகி அதே வேலையைச் செய்கின்றன. வெளிச்சம் குறையும், சிலருக்குச் சிமிட்டல் உறுத்தும். மனிதக் கண்ணுக்கு 24-க்கு மேல் தெரியாது என்பவர்களுக்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அசைவு என்று மூளையை நம்பவைக்க 24 போதும், தீற்றலைப் போக்கப் போதாது.

ஷோரூமில் கண்ணைக் கட்டிப்போட்டது பெரும்பாலும் டிவியின் ஊகம். இரண்டு படங்களை ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்தது என்று கணித்து, கேமரா எடுக்காத ஒரு நடுப்படத்தை டிவியே வரைந்து செருகுகிறது. சோனி இதை மோஷன்ஃப்ளோ என்றும் எல்ஜி ட்ரூமோஷன் என்றும் அழைக்கின்றன. கம்பி வேலிக்குப் பின்னால் ஒருவர் ஓடினால் ஊகம் தடுமாறும். உருவத்தின் விளிம்பு தண்ணீரில் தெரிவதுபோல் நெளியும். இன்னொரு குறையைப் பலர் கவனிப்பதில்லை. சினிமா கேமரா வழக்கமாக ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை 1/48 நொடி திறந்து வைக்கிறது. அந்த நேரத்தில் பதிந்த மங்கலை எத்தனை படம் செருகினாலும் அழிக்க முடியாது. அசைவு வழவழப்பாகும், ஆனால் நேரடி ஒளிபரப்பின் துல்லியம் வராது.

"சீரியல் மாதிரி இருக்கிறது" என்ற குற்றச்சாட்டு இங்கேதான் எழுகிறது. டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் வீடியோ வெளியிட்டு, இந்த வசதியை அணைக்கச் சொன்னார்கள். இது வெறும் பழக்கதோஷம் என்று எதிர்வாதம் உண்டு: வீடியோவில் எடுத்த தொடர்கள் நொடிக்கு 50 அல்லது 60 கணங்களோடு வந்ததால், வழவழப்பான அசைவை மலிவோடு சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டோம் என்பார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் 2012-ல் 'தி ஹாபிட்' நொடிக்கு 48 நிஜப் படங்களோடு வந்தபோதும், செட் செட்டாகவும் மேக்கப் மேக்கப்பாகவும் தெரிகிறது என்று விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அங்கே ஊகமும் இல்லை, நெளிவும் இல்லை. அதிகக் கணங்கள் கேமராவுக்கு முன்னால் இருந்ததை அப்படியே காட்டிவிடுகின்றன என்றே எனக்குப் படுகிறது. கிரிக்கெட்டில் கேமராவுக்கு முன்னால் இருப்பது கிரிக்கெட்தான்; சினிமாவில் இருப்பது அட்டையும் அரிதாரமும். ஒன்றுக்கு வரமாக இருப்பது மற்றதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அப்படியானால் சினிமா மட்டும் பார்ப்பவருக்கு 120 எதற்கு? வகுத்தலுக்கு. 60-ஐ 24 மீதியின்றி வகுக்காது. அதனால் வழக்கமான 60 ஹெர்ட்ஸ் டிவி ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டி ஒப்பேற்றும். ஒன்று 50 மில்லிநொடி நிற்கும், அடுத்தது 33. கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சி நொண்டுவது இதனால்தான். 120-ல் எல்லாப் படமும் ஐந்தைந்து முறை. விளம்பரத்துக்கு உதவாத, ஆனால் உண்மையான லாபம் இது. ஓஎல்இடி சட்டென்று படம் மாற்றுவதால் 24-இன் தத்தல் அதில் கூடுதலாகவே தெரியும். அதில் ஊகத்தை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வதைக் குறைசொல்ல மாட்டேன். கேம் ஆடுபவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. பிஎஸ்5 போன்ற கருவிகள், விளையாட்டு இடம்கொடுத்தால், 120 நிஜப் படங்களையே அனுப்பும். ஊகிக்க அடுத்த படம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், கேம் மோடில் ஊகம் பொதுவாக அணைந்தே இருக்கும்.

பெட்டியில் 'மோஷன் ரேட் 240' என்றிருந்தால் அது பேனலின் எண் அல்ல. பேனல் எத்தனை ஹெர்ட்ஸ் என்று தனியாகக் கேளுங்கள். கடையில் விளம்பரப் படத்தை நிறுத்தச் சொல்லி, ஏதாவது ஒரு சினிமாவின் கடைசியில் மேலேறும் பெயர்ப் பட்டியலை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு ஊகத்தை அணைத்துவிடும் ஃபிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றி, அதே பட்டியலை இன்னொரு முறை.