கூடாரத்துக்குள் ஒரு நாவல் வாசகர்

மாலினோவ்ஸ்கி என்ற போலந்துக்காரரின் இரண்டு புஸ்தகங்களை அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தது. ஒன்று உலகம் படிக்கவேண்டும் என்று எழுதியது. மற்றது யாரும் படிப்பார்கள் என்று நினைக்காமல் எழுதியது. இண்டர்மீடியட்டோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். மானிட சாஸ்திரத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. மனிதர்களைப் பார்த்து எழுதுவதே பிழைப்பாகப் போய்விட்டவன் என்ற ஒரே உரிமையில்தான் பேசுகிறேன்.

முதல் புஸ்தகம் 1922-ல் வெளிவந்த 'மேற்குப் பசிபிக் ஆர்கோனாட்டுகள்'. நியூகினிக்குக் கிழக்கே உள்ள டிராப்ரியண்ட் தீவுக்காரர்கள், சிவப்புச் சிப்பி மாலைகளையும் வெள்ளைச் சிப்பி வளைகளையும் கடல் கடந்து கொண்டுபோய்க் கொடுத்து வாங்குகிற 'குலா' என்ற வழக்கத்தைப் பற்றியது. மாலை ஒரு திசையில் தீவு தீவாகச் சுற்றும். வளை எதிர்த்திசையில் சுற்றும். கையில் வந்ததை யாரும் சதமென்று வைத்துக்கொள்வதில்லை. வியாபாரம் என்றும் சொல்ல முடியாது, தானம் என்றும் சொல்ல முடியாது. படகு கட்டுவதையும் மந்திரம் ஜபிப்பதையும் கடலில் இறங்குவதையும் அவர் சொல்லிக்கொண்டு போகிற அழகைப் பார்த்து எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படலாம். நான் பட்டேன்.

அதன் முன்னுரை இன்னும் பிரசித்தம். வெள்ளைக்காரர் சகவாசத்தை விட்டு விலகு, கிராமத்தின் நடுவே கூடாரம் அடி, அவர்கள் பாஷையைக் கற்றுக்கொள், அவர்கள் கண்ணால் பார் என்கிறது அது. பிறகு வந்த தலைமுறை தலைமுறையான இளம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதுவே வேதம்.

மாலினோவ்ஸ்கி 1942-ல் இறந்தார். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் அவர் விட்டுச்சென்ற காகிதங்களிடையே போலிஷ் பாஷையில் எழுதிய டைரி அகப்பட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து, 1967-ல், அவருடைய இரண்டாவது மனைவி அதை இங்கிலீஷில் வெளியிட்டார். நியூகினியில் இறங்கியபோது அவருக்கு வயது முப்பது. 1914-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு மகாநாட்டுக்கு வந்த இடத்தில் யுத்தம் மூண்டுவிட்டது. ஆஸ்திரியப் பிரஜையானதால் சட்டப்படி எதிரி நாட்டான். பேர் சொல்லும் புஸ்தகம் இன்னும் எழுதியாகவில்லை. நிலையான உத்தியோகம் இல்லை. இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன எழுதுவானோ அதைத்தான் எழுதியிருக்கிறார். உடம்புக்கு ஓயாத உபத்திரவம், கொய்னா, ஆர்ஸனிக். மெல்போர்னிலிருந்த காதலி எல்ஸி மாஸனின் நினைவு. வெள்ளைக்கார முத்து வியாபாரிகளின் வீட்டில் அரட்டை. தீவுக்காரர்கள் மேல் எரிச்சல். அச்சில் பார்க்கக் கூசும் வசைகள். எல்லாவற்றுக்கும் மேலே, நாவல்கள். தூமா, தாக்கரே, கான்ராட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் விழுங்குகிறார். இனிமேல் நாவலைத் தொடுவதில்லை என்று சபதம் செய்கிறார். மறுபடி தொடுகிறார். நாவல் எழுதிச் சாப்பிடுகிற எனக்கு இந்தச் சபதங்கள் சற்று மனஸ்தாபமாகத்தான் இருந்தன.

டைரி வந்ததும் 'வேஷம் கலைந்தது' என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எரிச்சலோடு கேட்டு எழுதினாலும், எழுதியது சரியாக இருந்தால் சரிதான். அனுதாபத்தால் வந்ததல்ல என்றால் அந்த அறிவு எதனால் வந்தது என்று 1974-ல் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் கேட்டது நல்ல கேள்வி. உழைப்பால் வந்தது என்பது என் பதில். டைரியிலேயே, புலம்பலுக்கு நடுவே, இன்று இத்தனை பேரை விசாரித்தேன், இத்தனை எழுதினேன் என்ற கணக்கும் வந்துகொண்டே இருக்கிறது.

என் குறை வேறு இடத்தில். முதல் புஸ்தகத்திலும் நாவல் படித்ததை அவர் மறைக்கவில்லை. ஆரம்ப நாட்களில் மனம் சோர்ந்து, குடிகாரன் குடியில் விழுவதுபோல நாவல்களில் விழுந்ததாக ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்கிறார். பிறகு பாஷை வந்தது, பழக்கம் வந்தது, கிராமத்து வாழ்க்கையோடு ஒன்றிப்போனது என்று மேலே போய்விடுகிறார். வாசலைத் தாண்டியாகிவிட்டது என்று படிப்பவன் நினைக்கிறான். டைரியின் பெரும் பகுதியோ 1917-18-ல், கடைசிப் பயணத்தில் எழுதியது. பாஷை நன்றாக வந்துவிட்ட காலம். அப்போதும் அதே சோர்வு, அதே நாவல், அதே சபதம். பொய் என்று சொல்லமாட்டேன். வினைச்சொல்லின் காலத்தை மாற்றிவிட்டார். கதை எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற காரியந்தான். ஆனால் கதையை நம்பி யாரும் தீவில் போய் இறங்குவதில்லை. சோர்வு இன்று போகும், நாளை போகும் என்று காத்திருந்து, போகாததற்குத் தன்னையே நொந்துகொண்ட இளைஞர்கள் எத்தனை பேரோ!

டைரியையும் பூரணமான இலக்கியம் என்று சொல்லமாட்டேன். தீவுக்காரர்களின் பெயர்கள் வருகின்றன, போகின்றன. கூடார வாசலில் வந்து உட்கார்ந்தவன் உள்ளே இருந்த மனிதரைப் பற்றி என்ன நினைத்தான் என்பது இரண்டு புஸ்தகத்திலும் இல்லை. ஆனால் 1918-ல், போலந்தில் தாயார் இறந்துபோன செய்தி மாதக்கணக்கில் தாமதித்துத் தீவுக்கு வந்து சேருகிற இடம் இருக்கிறது. அதிலிருந்து டைரியின் குரலே மாறிவிடுகிறது. எல்ஸியும் நாவலும் சபதமும் பின்னுக்குப் போய்விடுகின்றன. டிராப்ரியண்டில் இறந்தவர்களின் ஆவி டூமா என்ற தீவுக்குப் போய் வாழ்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றி இதே மனிதர் 1916-ல் நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அங்கே ஒரு சாவு என்றால் ஊரே கூடி ஓலமிடும். இவருடைய தாய்க்காக அழ அந்தக் கடற்கரையில் இவர் ஒருவர்தான் இருந்தார்.