காதம்பரி: கடன்கொண்ட கதையும் கவிஞன் ஆக்கமும்

வடமொழி உரைநடை இலக்கியத்துள் தலைசிறந்ததெனப் போற்றப்படுவது பாணபட்டரின் காதம்பரி. கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னனின் அவையில் விளங்கிய பாணர் இதனை முடிக்குமுன்னரே மறைந்தார். எஞ்சிய பகுதியை அவர் மைந்தர் பூஷணபட்டர் எழுதி நிறைவு செய்தார். கந்தருவரும் சாபமும் மறுபிறப்பும் பேசும் கிளியும் நிறைந்த இவ்வற்புதக் கதையின் பெயரே மராத்தியிலும் கன்னடத்திலும் நாவலைக் குறிக்கும் சொல்லாய் வழங்குகின்றது. எனினும், இதன் கதைப்பொருள் பாணருக்குச் சொந்தமன்று. பிறர் கதையைக்கொண்டு எய்திய புகழ் தகுமோ என்பது ஆராய்தற்குரியது.

காதம்பரிக்கு மூலம் குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதை. ஏழு இலட்சம் சுலோகங்கொண்ட அந்நூலைச் சாதவாகன மன்னன் ஏற்க மறுத்தான் என்றும், மனமுடைந்த புலவர் காட்டு விலங்குகள் கேட்க ஒவ்வோர் ஏடாகப் படித்துத் தீயிலிட்டார் என்றும், ஓர் இலட்சமே எஞ்சியது என்றும் மரபு கூறும். எஞ்சியதாகச் சொல்லப்படும் அப்பகுதியும் இன்று மறைந்துவிட்டது. அதே மூலத்தைத் தழுவிக் கொங்குவேளிர் தமிழிற் பாடிய பெருங்கதையும், 1924 இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது, முதலும் இறுதியும் இன்றியே கிடைத்தது. ஆதலின் பாணர் கொண்டது யாது என அறிதற்கு, 11 ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரமே பெருந்துணையாகின்றது.

அந்நூலிற் சுமனசன் என்னும் அரசனிடம் வேட்டுவ மகள் ஒருத்தி கிளியொன்றைக் கொணர்கின்றாள். கிளி தன் வரலாற்றையும், முனிவர் வாய்க்கேட்ட காதற் கதையையும் உரைக்கின்றது. பாணரிடத்தும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இவையே. மன்னன் சூத்திரகனாகவும் முனிவர் ஜாபாலியாகவும் பெயர் மாறினர். அவ்வளவே எனத் தோன்றும். ஆயின், கிளி யார் என்னும் வினாவிலேதான் இரு நூல்களும் பிரிகின்றன. சோமதேவரின் கிளி, வேட்டுவ மகளாய்ப் பிறந்தவளின் முற்பிறவித் தந்தை. காதம்பரியின் கிளியோ காதலனே.

மகாசுவேதையைக் காதலித்து உயிர்நீத்த புண்டரீகன், வைசம்பாயனன் என மறுபிறவி எய்துகின்றான். காரணம் அறியா ஈர்ப்பினால் அவளை நாடி வருகின்றான். இறந்த காதலனுக்காகத் தவமிருக்கும் அவள், வந்தவன் அவனே என்று உணராது, கிளியாகுமாறு சபிக்கின்றாள். எவனுக்காகக் காத்திருந்தாளோ அவனையே தன் சொல்லால் இழந்தாள். அற்புதக் கதை ஈண்டு அவலச் சுவையின் கொடுமுடியை எட்டுகின்றது.

இப்பகுதி மைந்தர் எழுதியது. ஆகவே பெருமையும் அவரதே என்பார் உளர். ஆயினும் தந்தை எழுதிய முற்பகுதியிலேயே ஜாபாலி முனிவர் கிளியை உற்றுநோக்கி, அது தன் தீவினையின் பயனைத் தானே நுகர்கின்றது என்கின்றார். வித்திட்டவர் பாணர்; விளைவித்தவர் மைந்தர். கவிச்செருக்கினாலன்றி, நூல் முடிவுறாமை கண்டு சான்றோர் வருந்தியமையாலேயே எழுதத் துணிந்ததாகப் பூஷணபட்டர் கூறும் அடக்கமும் இதற்கு இயைந்ததே.

பழங்கதையைக் கொண்டு புதுநெஞ்சைப் படைக்கும் இத்திறத்துக்குக் கண்டிக்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பேராதனையிற் கற்பித்த எதிரிவீர சரச்சந்திரர் 1956 இல் மேடையேற்றிய ‘மனமே’ நாடகத்தின் கதை புத்த ஜாதகத்தினின்றும் கொள்ளப்பட்டது. ஜாதகம் கொடியவள் எனத் தீர்ப்பளித்த இளவரசியை, இரங்கத்தக்க மானிடப் பெண்ணாக அவர் காட்டினார். கதை பழையது, தீர்ப்புப் புதியது.

எனவே, கதைப்பொருள் எங்கிருந்து வந்தது என வினவுதலோடு திறனாய்வு அமைதல் ஆகாது. கொண்டதைக் கவிஞன் யாதாக்கினான் என்பதே வினவற்பாலது. மூலநூல் மறைந்தும் பாணரின் கிளி இன்றும் பேசுகின்றது. அது பேசுவது கடன்கொண்ட குரலன்று.