கர்ப்பகாலத் தொற்றுப் பரிசோதனை: கலஹாவும் நீலகிரியும்

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கண்டி மாவட்டத் தோட்டங்களிலிருந்து கப்பலேறிய குடும்பங்களுள் பல, கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் மீண்டும் கொழுந்தே எடுக்கத் தொடங்கியமையால், அம்மாவட்டத்துக் கலஹாவிலும் தமிழ்நாட்டு நீலகிரியிலும் இன்று கர்ப்பிணிகளாக இருப்போருள் ஒரே கொடிவழியில் வந்தோர் உண்டு. நீலகிரியிலிருந்து உறவு பார்க்க வருவோர், கலஹாவிலுள்ள மகப்பேற்றுக் கவனிப்பைத் ‘தோட்டத்து வைத்தியம்’ என்று இளக்காரமாகப் பேசிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. கர்ப்பகாலப் பற்றீரியாத் தொற்றுகளைக் கண்டறியும் முறையை எடுத்து நோக்கின், அப்பேச்சு நிற்காது.

சிபிலிஸ் என்னும் பாலியல் நோயின் பற்றீரியா தாயிடம் அறிகுறியின்றி ஒளிந்திருந்து, சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவைத் தாக்கி, கருச்சிதைவுக்கோ குழந்தை இறந்து பிறப்பதற்கோ காரணமாகக்கூடும் என்பதால், கர்ப்பம் பதிவாகும் தொடக்க வாரங்களிலேயே வி.டி.ஆர்.எல். குருதிப் பரிசோதனை செய்யப்படுகிறது. தாயிடமிருந்து சேய்க்கு சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்றளித்தது. இந்தியா இச்சான்றைப் பெற்றிருக்கவில்லை. அந்நாட்டின் பரப்பையும் சனத்தொகையையும் கருதினால் இதை மட்டும் கொண்டு தமிழ்நாட்டை எடைபோடுவது முறையாகாது எனினும், லயத்துப் பெண்ணின் குருதியும் சேர்ந்தே இப்பெருமையை ஈட்டியது என்பதைக் கலஹா மறக்கலாகாது.

இப்பரிசோதனை முறையின் முதுகெலும்பு, பெண்கள் ‘மிட்வைஃப் மிஸ்’ என்றழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர். எச். 512 என்னும் கர்ப்பிணி அட்டையைத் திறந்து, எந்த அறிக்கை வந்தது, எது வரவில்லை என்று பார்த்து, கிளினிக்குக்கு வராதவளைத் தேடி மலைப்படிகளில் ஏறிவருபவர் அவரே. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவரும் வீடு தேடி வருபவர்தான். அங்கே முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, அதன் தவணைகள் முன்கூட்டிய பதிவோடு பிணைக்கப்பட்டிருப்பது நல்ல ஏற்பாடு. ஆயினும் உதவித்தொகைக்காக வருவதைவிட, வாசலில் வந்து நிற்கும் மிஸ்ஸின் முகத்துக்காக வருவது ஆழமான பழக்கம்.

தோட்டப் பெண்ணுக்கு மிக அருகிலிருக்கும் ஆபத்து, எரிவோ காய்ச்சலோ இன்றிச் சிறுநீரில் பற்றீரியா பெருகியிருக்கும் நிலை. கர்ப்பிணிகளுள் 2 முதல் 10 சதவீதத்தினரிடம் இது காணப்படுகிறது. சிகிச்சையின்றி விட்டால் அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, குறைமாதப் பிரசவம் வரை கொண்டுசெல்லலாம். நீரிழிவும் முன்னர் வந்த சிறுநீர்த் தொற்றும் அறியப்பட்ட ஆபத்துக் காரணிகள். அவற்றோடு, மலசலகூடம் இல்லாத மலையில் கொழுந்து நிறுக்கும் வேளை வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீரையும் குறைத்துக் குடிக்கும் வழக்கத்தையும் சேர்த்தெண்ண வேண்டும். இக்குறை இரு மலைகளுக்கும் பொது. கிளினிக்கில் சிறுநீரில் அல்புமினும் சீனியும் பார்ப்பது இதைக் காட்டாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த வளர்ப்புச் சோதனையே, அதாவது ‘கல்ச்சரே’, இதற்கு உரியது. கழுவிய பின் முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய போத்தலில் பிடிக்க வேண்டும். அது வெப்பத்தில் கிடந்தால் கிருமி பெருகி முடிவு பொய்த்துவிடுமாதலால், தெல்தோட்டை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரப்படும் போத்தலை ஆய்வுகூடம் முழுதாக நம்பவியலாது.

பிறந்த குழந்தையின் குருதியை நஞ்சாக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸை, அமெரிக்கா செய்வதுபோல் 36, 37ஆம் வாரங்களில் எல்லோரிடமும் தேடுவது இரு நாடுகளிலும் பொது நடைமுறையாகவில்லை. குறைமாதப் பிரசவ வலி, வலியின்போது 38 பாகை செல்சியஸ் காய்ச்சல், பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலம் கடத்தல் ஆகிய அறிகுறிகளே வைத்தியரை எச்சரிக்கின்றன. பிரசவத்துக்கு 4 மணித்தியாலமேனும் முன்பாகப் பெனிசிலின் ஏறினால்தான் முழுப்பயன் கிடைக்கும் என்பதால், பேராதனை போதனா வைத்தியசாலைக்கு இறங்கும் வளைவுப் பாதையில் வண்டி எப்போது வருகிறது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. தமிழ்நாட்டில் ‘108’ போல் இங்கு ஓடும் ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை, 2016இல் இந்திய நன்கொடையில் தொடங்கப்பட்டது என்பதையும் இவ்விடத்தில் குறித்தாக வேண்டும்.