எல்லோரும் ஊசி போட்டால் பந்தயம் சமமாகிவிடுமா?

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலில் 1999 முதல் 2005 வரை ஏழு ஆண்டுகளுக்குப் பெயர் கிடையாது. பந்தயம் நடக்காமல் இல்லை. அந்த ஏழு ஆண்டும் பாரிஸில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையோடு மேடையேறியவர் அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை, 26 பேரின் சாட்சியங்களோடு ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட ஆதாரங்களை வெளியிட்டது. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ அந்த முகமையின் முடிவை ஏற்று ஏழு பட்டங்களையும் பறித்தது.

முதலிடம் பறிபோனால் அது இரண்டாமவருக்குப் போவதுதான் வழக்கம். 2006 பந்தயத்தை வென்ற பிளாய்ட் லாண்டிஸ் டெஸ்டோஸ்டிரோன் சோதனையில் சிக்கியபோது பட்டம் ஆஸ்கர் பெரெய்ரோவுக்குப் போனது. 2010 பட்டத்தை அல்பர்டோ கான்டடோர் இழந்தபோது ஆண்டி ஷ்லெக்குக்குப் போனது. ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்களை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஏழு பந்தயங்களில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களைக் கூட்டினால் 21 இடங்கள் வரும். அவற்றில் 20 இடங்கள் ஊக்கமருந்தோடு தொடர்புடையவை என்று அந்த முகமையே கணக்குக் காட்டியது.

ஆம்ஸ்ட்ராங்குக்குப் பரிந்து பேசுகிறவர்களும் இதே கணக்கைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். “எல்லோரும் போட்டார்கள். எல்லோரும் போட்ட இடத்தில் முதலில் வந்தவன்தானே உண்மையான வீரன்?” காதுக்கு நியாயமாகப் படுகிற வாதம் இது. விளையாட்டு ரசிகர்கள் பலர் இதை நம்பவும் செய்கிறார்கள். ஆனால் அந்தக் காலகட்டத்தின் உண்மைகளோடு வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

ரத்தத்தில் சமம் இல்லை

அன்றைய பந்தயங்களை மாற்றிய மருந்து எரித்ரோபாய்டின், சுருக்கமாக இபிஓ. சிறுநீரகம் இயல்பாகவே சுரக்கிற ஹார்மோன் அது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உண்டாக்கும். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 1980களின் இறுதியில் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. சீக்கிரமே சைக்கிள் அணிகளின் குளிர்பெட்டிகளுக்குள்ளும் வந்துவிட்டது. சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜன் கூடும். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகள் என்று நீளும் பந்தயத்தில் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

1990களில் இபிஓவைக் கண்டுபிடிக்கச் சோதனை கிடையாது. 2000 சிட்னி ஒலிம்பிக்கின்போதுதான் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரைக்கும் ஒரு தடுப்பாக, 1997-ல் யூசிஐ ஒரு வரம்பு விதித்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோகிரிட் 50 சதவீதத்தைத் தாண்டினால், உடல்நலக் காரணம் சொல்லி அந்த வீரரை 15 நாள் பந்தயத்திலிருந்து விலக்கி வைப்பார்கள். தண்டனை என்று அதற்குப் பெயர் இல்லை.

சமம் என்ற வாதம் முதலில் உடைவது இங்கேதான். இயல்பாகவே 40 சதவீதம் உள்ள ஒருவர் மருந்தால் 50-ஐத் தொட்டால் அவருக்குக் கிடைப்பது கால்பங்கு கூடுதல். பிறவியிலேயே 47 உள்ளவருக்கு ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். இருவரும் ஒரே மருந்தை எடுத்து, ஒரே வரம்புக்குள் நின்றாலும் ஆதாயம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேறுபடுகிறது. இயற்கையாக நல்ல ரத்தம் வாய்த்தவரின் பலத்தை ஊசி செல்லாக்காசாக்கிவிட்டது. மருந்துக்கு யாருடைய உடல் அதிகம் இடம் கொடுத்ததோ அவர் முன்னால் போனார். மேடையில் நின்ற வரிசை, மருந்தே இல்லாவிட்டாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது.

பணத்திலும் செல்வாக்கிலும் சமம் இல்லை

ஊசியை யாரும் வாங்கலாம். எப்போது, எவ்வளவு போடுவது, சோதனையாளர் கதவைத் தட்டும்போது என்ன செய்வது என்ற அறிவு விலை உயர்ந்தது. இத்தாலிய மருத்துவர் மிக்கேல் பெர்ராரிக்கு ஆம்ஸ்ட்ராங் கொடுத்த தொகை பத்து லட்சம் டாலருக்கும் மேல் என்று அமெரிக்க முகமையின் அறிக்கை காட்டுகிறது. 1998 உலகச் சாம்பியன்ஷிப்பின்போது அணி மருத்துவர் ஒருவர் உப்புநீர்ப் பையை மழைக்கோட்டுக்குள் மறைத்து, யூசிஐ சோதனையாளர்களைத் தாண்டிக் கொண்டுபோய், ஆம்ஸ்ட்ராங்கின் ரத்தத்தை நீர்க்கச் செய்ததும் அதே அறிக்கையில் இருக்கிறது. சின்ன அணியில் குறைந்த சம்பளத்துக்கு ஓட்டும் துணை வீரருக்கு இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்?

செல்வாக்கு இன்னும் மோசம். 1999 பந்தயத்தில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்டிகோஸ்டீராய்டு தென்பட்டது. சேணப்புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று பின்தேதியிட்ட மருந்துச்சீட்டு ஒன்று வந்தது, யூசிஐ ஏற்றுக்கொண்டது. யூசிஐ தானே நியமித்த விசாரணைக் குழு, 2015 அறிக்கையில், இது விதிகளுக்கு மாறானது என்றும் ஆம்ஸ்ட்ராங்குக்குச் சலுகை காட்டப்பட்டது என்றும் சொன்னது. அவரிடமிருந்து சங்கம் நன்கொடையும் வாங்கியிருந்தது. அதே 1999-ல், இத்தாலியச் சுற்றுப்பந்தயத்தை வெல்லும் நிலையில் முன்னணியில் இருந்த மார்கோ பான்டானி, ஹீமட்டோகிரிட் 52 சதவீதம் என்று வெளியேற்றப்பட்டார். அந்த வீழ்ச்சியிலிருந்து அவர் மீளவே இல்லை. 2004 பிப்ரவரியில் ரிமினி நகர விடுதி அறையில் கொக்கேய்ன் அவர் உயிரைக் குடித்தது. வயது 34. பான்டானி குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. விதி எல்லோர் மேலும் ஒரே எடையோடு விழவில்லை என்கிறேன்.

மறுத்தவர்களை யார் எண்ணுவது?

“எல்லோரும் போட்டார்கள்” என்ற சொல்லே பொய் என்பதுதான் எனக்கு முக்கியம். போடாதவர்கள் இருந்தார்கள்.

1998 ஜூலையில் பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் பெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட் ஓட்டிவந்த காரில் இபிஓ, வளர்ச்சி ஹார்மோன் எனக் குவியல் குவியலாக மருந்துகள் பிடிபட்டன. அணியே பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. போலீஸ் விசாரணையில் அந்த அணி வீரர்களே, மருந்தைத் தொடாதவர் என்று சொன்ன பெயர் கிறிஸ்டோஃப் பாஸோன். அடுத்த ஆண்டு வேறு அணிக்காக டூர் டி பிரான்ஸில் ஓட்டியபடி, பிரெஞ்சு நாளிதழில் பத்தி எழுதினார் பாஸோன். பந்தயத்தின் வேகம் நம்பும்படியாக இல்லை என்று எழுதினார். ஆல்ப்ஸ் கட்டத்தில் ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, இப்படிப் பேசுவது சைக்கிளுக்குக் கெடுதல், வீட்டுக்குப் போ என்றார். சொந்த அணியும் கைவிட்டது. பேச ஆளின்றித் தனித்துவிடப்பட்டவர் பாதியிலேயே பந்தயத்தை விட்டார்; 2001-ல் தொழிலையே விட்டார்.

பெர்ராரிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் பிலிப்போ சிமியோனி. 2004 பந்தயத்தின் 18-வது கட்டத்தில் அவர் முன்னணிக் குழுவைப் பிடிக்கப் பாய்ந்தபோது, மஞ்சள் சட்டைக்காரரான ஆம்ஸ்ட்ராங்கே துரத்திப் போனார். அந்தக் கட்டத்தின் வெற்றி ஆம்ஸ்ட்ராங்குக்குத் தேவைப்படவில்லை. சிமியோனி பின்வாங்கும்வரை விடவில்லை. பிறகு ஆம்ஸ்ட்ராங் கேமரா முன் உதட்டை மூடும் சைகை காட்டினார். ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் வேலை பார்த்த எம்மா ஓ’ரெய்லி, பின்தேதி மருந்துச்சீட்டு விவரத்தைப் பத்திரிகையாளர் டேவிட் வால்ஷிடம் சொன்னார். வழக்கும் அவதூறும் வந்தன. வால்ஷ் எழுதிய லண்டன் வார இதழ் பணம் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டியதாயிற்று.

மறுத்தவர்கள் 50-வது இடத்தில் வந்திருக்கலாம். ஒப்பந்தம் கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். முதல் மூன்று இடங்களை மட்டும் பார்த்து “எல்லோரும்” என்று சொல்லும்போது, அவர்களை இரண்டாம் முறையும் பந்தயத்திலிருந்து விரட்டுகிறோம்.

இன்றைய சந்தேகம்

2008-ல் வந்த ‘உயிரியல் பாஸ்போர்ட்’ பெரிய மாற்றம். மருந்தைத் தேடாமல், ஒரு வீரரின் ரத்த அளவுகள் ஆண்டுக்கணக்கில் எப்படி ஏறி இறங்குகின்றன என்று அது பார்க்கிறது. ஹீமட்டோகிரிட்டை இஷ்டத்துக்கு ஏற்றிய காலம் அதோடு முடிந்தது. ஆனால் சிறு அளவு மருந்தை அடிக்கடி எடுத்தால் பாஸ்போர்ட்டின் கண்ணிலிருந்தும் தப்ப முடிகிறது என்று அதே 2015 அறிக்கை எச்சரித்தது.

2024 ஜூலையில் டூர் டி பிரான்ஸின் பிளாட்டோ டி பெய் மலையேற்றத்தில் டாடே போகாச்சர், 1998-ல் பான்டானி எடுத்த நேரத்தை மூன்று நிமிடங்களுக்கும் மேல் முந்தினார். அன்று இரண்டாவதாக வந்த யோனாஸ் விங்கெகோரும் அதை முறியடித்தார். போகாச்சர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. காற்றைக் கிழிக்கும் சைக்கிள், டயர், மணிக்கு நூறு கிராமுக்கும் மேல் மாவுச்சத்து, உயர்மலைப் பயிற்சி என்று விளக்கங்கள் இருக்கின்றன; அவை வெறும் சாக்குகள் அல்ல. ஆனாலும் சந்தேகம் எழுகிறது. சோதனையில் சிக்கவில்லை என்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆண்டாண்டாகச் சொன்னாரே! ஆதாரம் இல்லாமல் இன்றைய வீரர்மேல் பழி போடுவது அநியாயம். அவர்மேல் சந்தேகம் படியாதபடி காப்பது சங்கத்தின் கடமை. ரத்தத்தின் திறனை அளக்க அணிகள் பயன்படுத்திய கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தை வளப்படுத்தவும் உதவக்கூடும் என்ற கவலை எழுந்ததும், 2025 பிப்ரவரியில் யூசிஐ அதை மீண்டும் மீண்டும் சுவாசிப்பதற்குத் தடை போட்டது நல்ல அடி. 2021 முதல் சோதனைப் பொறுப்பு தனி அமைப்பான சர்வதேச சோதனை முகமையிடம் இருப்பதும் நல்லதே.

இவை போதாது. 1996 டூர் டி பிரான்ஸை வென்ற பியார்ன ரீஸ், இபிஓ எடுத்ததை 2007-ல் ஒப்புக்கொண்ட பிறகும் அணியை நடத்தினார். 2007-ல் பிறர் ரத்தம் ஏற்றிச் சிக்கிய அலெக்சாண்டர் வினோகுரோவ் பின்னர் அஸ்தானா அணியின் மேலாளரானார். பாஸோனுக்குப் பந்தயக் கூட்டத்தில் இடம் இல்லை. இவர்களுக்கு அணிக்காரில் இடம் இருந்தது. ஊக்கமருந்தில் தண்டிக்கப்பட்டவர்களும், ஒப்புக்கொண்டவர்களும் இளம் வீரர்களை நிர்வகிக்கும் பொறுப்புக்கு வரக்கூடாது. மருத்துவர்களுக்கும் மேலாளர்களுக்கும் வீரருக்கு விழும் அதே தண்டனை விழ வேண்டும். உள்ளே நடப்பதைச் சொல்லும் வீரரின் ஒப்பந்தத்துக்கும் சம்பளத்துக்கும் சங்கம் உத்தரவாதம் தர வேண்டும். மருந்து வேண்டாம் என்று சொல்லும் 22 வயதுத் துணை வீரருக்கு அடுத்த ஆண்டும் வேலை இருந்தால், அந்தப் பந்தயம் நியாயமானது. யாருக்கு மஞ்சள் சட்டை என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.