மன்றம் யார் கையில்?

காலாண்டு விடுமுறை விட்டால் சேலம் மாவட்டத்தின் எடப்பாடி, கொங்கணாபுரம் பக்கத்தில் ஏதாவது ஓர் ஊரின் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ மேல்நிலை வகுப்பு மாணவர்கள் ஏழு நாள் தங்கியிருப்பதைப் பார்க்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் அது. காலையில் கோயிலைச் சுற்றிப் பெருக்குவார்கள், சீமைக் கருவேலம் வெட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள். மதியத்துக்கு மேல் மருத்துவரோ காவல் ஆய்வாளரோ வந்து பேசுவார். கடைசி நாள் சான்றிதழ். பள்ளி விட்டதும் விசைத்தறிப் பட்டறையில் அப்பாவுக்குத் துணை நிற்கும் பையனுக்கு, வீட்டை விட்டு நண்பர்களோடு தங்கும் முதல் வாய்ப்பே பெரும்பாலும் இந்த முகாம்தான்.

எந்த ஊரில் முகாம், என்ன வேலை, யார் பேச்சாளர் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் திட்ட அலுவலரான ஆசிரியர். அவருக்கும் மேலிடத்துச் சுற்றறிக்கை வழிகாட்டுகிறது. மாணவர் வேலைக்கு வருகிறார், முடிவெடுக்க வருவதில்லை. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளின் மன்றங்களோடு ஒப்பிடும்போது முதலில் கண்ணில் படுவது இந்த வித்தியாசம்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரியின் ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். சாதியின் பெயரால் ஊரார் தள்ளி வைத்திருந்த ரொடியா மக்களின் கிராமம் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அந்த மக்களோடு சேர்ந்து மண் வெட்டினார்கள். மேலிடத்து உத்தரவு எதுவும் அவர்களை அனுப்பவில்லை. காந்தியிடமும் வினோபாவிடமும் இருந்து எண்ணத்தை எடுத்துக்கொண்ட அந்த முகாம்தான் சர்வோதய சிரமதான இயக்கமாகி ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. ஆரியரத்னவுக்கு 1969இல் மக்சேசே விருது கிடைத்தது. அதே 1969இல், காந்தி நூற்றாண்டை ஒட்டிச் செப்டம்பர் 24ஆம் தேதி, இந்திய அரசு 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளிகளுக்கு அது பின்னால் வந்தது. அங்கே ஒரு வாத்தியார் தொடங்கியது இயக்கமானது. இங்கே அரசு தொடங்கி வாத்தியார் கையில் கொடுத்தது. மூலம் இரண்டு நாட்டுக்கும் ஒரே காந்திதான்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி மன்றங்கள் ஆரியரத்னவுக்கு முந்தியவை. மிஷனரிமார் நடத்திய கல்லூரிகளும், அவற்றுக்குப் போட்டியாக எழுந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி போன்ற சைவக் கல்லூரிகளும் வளர்த்த மரபு அது. நம் மேல்நிலை வகுப்புக்கு இணையான உயர்தர மாணவர் ஒன்றியம், விஞ்ஞானக் கழகம், இந்து இளைஞர் மன்றம், தமிழ்ச் சங்கம், சாரணர், பரியோவான் முதலுதவிப் படை, பின்னால் வந்து சேர்ந்த லியோ, இன்டராக்ட் என்று பட்டியல் நீளும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாணவர்களே. ஆசிரியர் ‘பொறுப்பாசிரியர்’ என்ற பெயரில் ஓரமாக நிற்பார்.

உயர்தர ஒன்றியத்தின் வருடாந்த இராப்போசன விருந்தை எடுத்துக்கொள்ளலாம். அயல் பாடசாலை ஒன்றியங்களின் பிரதிநிதிகளுக்கு அழைப்பிதழ் போகும். பிரதம விருந்தினர் வருவார். வாழ்த்துரையும் பதிலுரையும் மாணவர் வாயிலிருந்துதான் வரும். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நடக்கும் வெள்ளைக்காரர் காலத்துச் சடங்கு என்று கேலி செய்வது எளிது. கேலிக்கு இடமும் உண்டு. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவர் பணம் திரட்டி, மண்டபம் ஒழுங்கு செய்து, சபையில் எழுந்து பேசி, மறுவாரம் கணக்கும் காட்டுகிறார். அந்தப் பயிற்சியை எந்தப் பாடநூலும் தருவதில்லை.

சாரணர் வேலை வாரமும் அப்படித்தான். சீருடையோடு வீடு வீடாக, கடை கடையாகப் போய், முற்றம் கூட்டியோ வாகனம் கழுவியோ, கொடுப்பதை வாங்கி அட்டையில் பதிந்துகொண்டு வருவார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கமான நிதி திரட்டல், டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். அட்டைக் கொடியைப் பள்ளியில் கொடுப்பார்கள், காசை வீட்டில் கேட்டு வாங்கி வரவேண்டும். வேலை வாரத்தில் காசு வேலைக்குக் கூலியாக வருகிறது.

இதுவரை தராசு இலங்கைப் பக்கம் சாய்கிறது. போட்டிகளுக்கு வந்தால் கதை மாறும்.

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் பாடசாலை, வலயம், மாகாணம் என்று படியேறித் தேசிய மட்டம் வரை போகின்றன. பேச்சு, கட்டுரை, பாவோதல், விவாதம், நாடகம், நாட்டார் பாடல் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று அதுவும் படியேறுகிறது. உச்சியில் வெல்பவர்கள் கலையரசன், கலையரசி. சேலம் மாவட்டத்து மேற்குப் பகுதிகளில் தெருக்கூத்து இன்னும் விடிய விடிய ஆடப்படுகிறது. அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே மேடை போட்டுக் கொடுப்பது சின்ன மாற்றமல்ல. போட்டிக்கு வெளியேயும் இப்படித்தான். 2022 நவம்பர் 28இல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல், கணிதச் சோதனைகளைக் கொண்டுபோகும் திட்டம். பூலாம்பட்டிக்கு அந்தப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் நடுநிலைப் பள்ளியும் அந்தக் கணக்கில் சேரும்.

இப்படி எல்லாப் பள்ளிக்கும் போய்ச் சேராததுதான் இலங்கை மன்ற முறையின் ஓட்டை. பதினோராம் தரத்தோடு முடியும் பாடசாலையில் உயர்தர மாணவரே கிடையாது, பிறகு ஒன்றியம் எங்கே? பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் பழைய மாணவர் சங்கக் கிளைகள் உண்டு. வன்னியின் உட்கிராமப் பாடசாலைக்கு அப்படிக் கடல் கடந்து பணம் அனுப்ப ஆளில்லை. மாணவர் கையில் மன்றம் என்பது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது வசதியுள்ள பள்ளிகளில்தான் செழித்திருக்கிறது. சுற்றறிக்கையைக் குறை சொல்பவர்கள், அது கடைசிப் பள்ளி வரை போய்ச் சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒரே நோய். அங்கே பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியும் ரியூசனும். இங்கே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் உறைவிடப் பள்ளிகளாலும் மாநில முதலிடங்களாலும் பேர் வாங்கிய மண். 2017இல் அரசு தரவரிசைப் பட்டியலை நிறுத்தியது. பெற்றோர் மனத்திலிருந்து அந்தப் பட்டியல் இன்னும் போகவில்லை. மன்ற நேரம் கணக்குத் தேர்வு நேரமாக மாறுவதும் நிற்கவில்லை.

எடப்பாடிக்காரர்களுக்குக் கூட்டு வேலையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தைப்பூசம் கழிந்து பழனிக்குக் காவடி எடுத்துப் போகும் பருவதராஜகுல பக்தர்கள், மலைமேல் டன் கணக்கில் பஞ்சாமிர்தத்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள். பழம் வாங்குவது, உரிப்பது, பிசைவது, பங்கிடுவது என ஒவ்வொன்றுக்கும் ஊரே ஆள் பிரித்துக்கொள்கிறது, அரசாணை இல்லாமல். அந்த வேலையைப் பார்த்து வளரும் மாணவனிடம் ஏழு நாள் முகாமின் செலவுக் கணக்கைக் கொடுக்கப் பள்ளி தயங்குவது வேடிக்கை.

திட்டமும் நிதியும் அரசிடமே இருக்கட்டும். வரும் காலாண்டு முகாமுக்கு எந்த ஊர், என்ன வேலை என்பதை மாணவர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்யட்டும். வரவு செலவையும் அவர்களே எழுதட்டும். திட்ட அலுவலர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.