பக்கத்து வீட்டுப் பெண்ணாக ஓர் ஆயுள்

ஜார்ஜ் பர்ன்ஸும் கிரேசி ஆலனும் நடித்த அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் 1953இல் ஒரு காட்சி வந்தது. பக்கத்து வீட்டு பிளாஞ்ச் தன் கணவன் ஹாரியை அடிக்கக் கை ஓங்கி நிற்கிறாள். ஜார்ஜ் நடுவே புகுந்து கதையை நிறுத்துகிறார். ஹாரியாக நடித்துவந்த ஃபிரெட் கிளார்க் விலகுவதாகவும், இனி லாரி கீட்டிங்தான் ஹாரி என்றும் பார்வையாளர்களிடம் சொல்கிறார். ஓங்கிய கை அப்படியே காத்திருக்கிறது. அறிமுகம் முடிந்து கதை தொடர்ந்ததும் அடி புதுக் கணவன்மேல் விழுகிறது.

1950 முதல் 1958 வரை ஓடிய அந்தத் தொடரில் ஹாரியாக நான்கு ஆண்கள் மாறி மாறி வந்தார்கள். பிளாஞ்ச் மட்டும் கடைசிவரை ஒருவர்தான்: பீ பெனடெரெட். இருமுறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. எந்த வேடத்திலும் பொருந்திப் போகிறவர் என்பதுதான் அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் புகழ்ச்சி. எனக்கு இந்தப் புகழ்ச்சி பிடிப்பதில்லை. பொருந்திப் போவதைப் பெண்ணின் திறமையாக எண்ணுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. கதாநாயகியாக வைத்துக்கொள்ள மனமில்லாதவர்களைக் ‘குணச்சித்திர நடிகை’ என்று நாமும்தான் ஒதுக்கி வைக்கிறோம்.

பிளாஞ்ச் வெறுமனே பொருந்திப் போகவில்லை. கிரேசியின் பேச்சு உலகத் தர்க்கத்துக்கு அடங்காதது. ஆண்கள் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். பிளாஞ்சும் திகைப்பாள், ஆனாலும் அடுத்த நிமிடமே கிரேசியின் திட்டத்தில் கூட்டாளியாகிவிடுவாள். அந்தத் தோழமை இல்லாவிட்டால் கிரேசி வெறும் அசட்டு மனைவியாக மட்டுமே தெரிந்திருப்பார். தொடரின் பிந்தைய ஆண்டுகளில் ஜார்ஜ் தன் அறையில் உட்கார்ந்து, இந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்துக்கொண்டிருப்பார். நகைச்சுவைக்காகச் செய்த ஏற்பாடுதான். இன்று பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

1906இல் நியூயார்க்கில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த பெனடெரெட்டை வளர்த்தது வானொலி. ஜாக் பென்னியின் நிகழ்ச்சியில் கெர்ட்ரூட் என்ற டெலிபோன் ஆபரேட்டராக வருவார். கூட இன்னொரு ஆபரேட்டராக சாரா பெர்னர். இருவரும் வேலை நடுவே முதலாளியைக் கிண்டலடிப்பார்கள். அந்த நாளில் பெண்ணின் குரலுக்குக் கூலி கிடைத்த இடங்களில் ஒன்று டெலிபோன் நிலையம். யாருடைய குரல் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அவருடைய கார்ட்டூன் வேலையிலும் இதே கதைதான். 1943 முதல் 1955 வரை வார்னர் பிரதர்ஸ் குறும்படங்களில் பெண் குரல் வேண்டுமென்றால் பெரும்பாலும் பெனடெரெட்தான். டுவீட்டியைக் காக்கும் பாட்டியின் குரல் அவருடையது. 1944இல் வந்த ‘லிட்டில் ரெட் ரைடிங் ராபிட்’ படத்தில் காதைக் கிழிக்கும் சிவப்புத் தொப்பிச் சிறுமியும் அவர்தான். திரையில் பெயர் வராது. குரலுக்கான பெயர் மெல் பிளாங்குக்கு மட்டுமே என்று ஒப்பந்தம். எல்மர் ஃபட்டுக்குக் குரல் தந்த ஆர்தர் பிரையனும் இப்படி மறைக்கப்பட்டவர்தான், ஆகவே இது பெண்களுக்கு மட்டும் நடந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் கிழவி முதல் சிறுமி வரை எல்லாப் பெண்களையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவர் பெயரையும் விட்டுவிட்டால், பெண் என்பவளே அந்த உலகில் ஒரு பின்னணி ஓசையாகிவிடுகிறாள். 1960இல் தொடங்கிய ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரில் அவர் பெட்டி ரபிள் ஆனார், மறுபடியும் பக்கத்து வீட்டுப் பெண். அங்கே அவர் பெயர் திரையில் வந்தது. பெட்டியின் கணவன் பார்னிக்குக் குரல் கொடுத்தவர் அதே மெல் பிளாங்க்.

குரலில் கிழவியாக முடிந்தவருக்கு உடலால் கிழவியாக அனுமதி கிடைக்கவில்லை. ‘பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொடரின் பாட்டி வேடத்தை அவர் விரும்பிக் கேட்டார். உடல் பூரிப்பாக இருக்கிறது, கிழவிக்குப் பொருந்தாது என்று அதை உருவாக்கிய பால் ஹென்னிங் நினைத்தார். வேடம் ஐரீன் ரயனுக்குப் போனது. அதே ஹென்னிங்தான் 1963இல் ‘பெட்டிகோட் ஜங்ஷன்’ தொடரில் பெனடெரெட்டை முதன்முறையாக நாயகியாக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு வயது 57. ஷேடி ரெஸ்ட் என்ற ரயிலடி ஓட்டலை நடத்தும் விதவை கேட் பிராட்லி, மூன்று பெண்களின் தாய். சோம்பேறி மாமா ஜோவையும் சேர்த்துச் சுமக்கிறாள். சமைப்பது, கணக்குப் பார்ப்பது, கடன்காரனைச் சமாளிப்பது எல்லாம் அவள். தலைப்புக் காட்சியில் காமிரா காட்டுவதோ, ரயில்வே தண்ணீர்த் தொட்டியில் குளிக்கும் மகள்களையும் விளிம்பில் தொங்கும் உள்பாவாடைகளையும்தான். தொடருக்கு வைத்த பெயரும் அதுதானே.

கேட்டுக்கு எழுதப்பட்ட வசனங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. எரிச்சலை விழுங்கிவிட்டுப் பேசும் அந்தச் சிறு இடைவெளிகளில்தான் பெனடெரெட்டின் முப்பதாண்டு வானொலிப் பயிற்சி தெரிகிறது. அலுத்துப்போன ஓர் உழைப்பாளிப் பெண்ணை, தியாகத் தாயாக்காமல் அவர் அங்கே வைத்திருக்கிறார்.

நுரையீரல் புற்றுநோயால் 1968 அக்டோபர் 13 அன்று இறந்தார். ஒலி விளைவுக் கலைஞரான கணவர் யூஜின் டுவாம்ப்ளி நான்காம் நாள் மாரடைப்பில் போனார். பெனடெரெட் பங்கேற்ற கடைசி அத்தியாயம் அதே மாதம் ஒளிபரப்பானது. கேமரா முன் நிற்க முடியாததால் குரலை மட்டும் கொடுத்திருந்தார். திரையில் கேட் பிராட்லியாகத் தெரிவது வேறொரு பெண்ணின் முதுகு.