கோஷியெனுக்குப் பிறகு ஒரு காதல்

பள்ளிக்கூடக் காதல் கதைகளுக்கு ஒரு வசதி உண்டு. பரீட்சை முடிந்தால் கதையும் முடிந்துவிடும். ஜப்பானின் பேஸ்பால் கதைகளில் இந்தக் கெடு இன்னும் கறாரானது. உயர்நிலைப் பள்ளி மூன்றே ஆண்டுகள். 1924-ல் திறக்கப்பட்ட கோஷியென் மைதானத்தில் கோடைதோறும் தேசியப் போட்டி நடக்கும். வட்டாரத் தகுதிச் சுற்றிலிருந்தே ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அதோடு பள்ளி ஆட்டமே முடிந்தது. ஆட்டத்தில் காட்ட வேண்டியதையும் மனசில் இருப்பதையும் அதற்குள் வெளியே கொண்டுவந்தாக வேண்டும். கெடு தீர்ந்து பல வருஷம் கழித்து அதே காதலர்களைத் திரைக்குத் திரும்ப அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 'டச்' தொடரின் பிற்காலப் படங்கள் நல்ல சாட்சி.

அடாச்சி மிட்சுருவின் 'டச்' 1981 முதல் 1986 வரை 'ஷோனென் சண்டே' வார இதழில் வந்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை), 26 தொகுதிகள். 1985-ல் தொடங்கிய அதன் அனிமே (அசைவூட்டத் தொடர்), 101 அத்தியாயங்கள் ஓடி 1987-ல் முடிந்தது. இரட்டைச் சகோதரர்களில் கசுயா உழைப்பாளி, பந்துவீச்சாளன். தட்சுயா சோம்பேறி என்று பெயரெடுத்தவன். அடுத்த வீட்டு மினாமி இருவரோடும் வளர்ந்தவள். கோஷியெனுக்குத் தன்னை அழைத்துப்போக வேண்டும் என்பது அவளுடைய சிறுவயது ஆசை. வட்டார இறுதிப் போட்டி நடக்கவிருந்த காலையில், ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கசுயா விபத்தில் இறக்கிறான். தம்பி விட்ட இடத்தில் அண்ணன் பந்தை எடுக்கிறான்.

இந்தக் கதையின் பலம் அது சொல்லாமல் விட்டவற்றில் இருக்கிறது. தட்சுயா வட்டார இறுதிப் போட்டியில் தன் போட்டியாளன் நிட்டாவின் அணியைத் தோற்கடிப்பதை அடாச்சி பக்கம் பக்கமாக வரைகிறார். அத்தனை காலம் காத்திருந்த கோஷியென் ஆட்டங்களையோ வரையவே இல்லை. அவர்களுடைய மெய்செய் பள்ளி கோப்பையை வென்றது என்பது கடைசியில் ஒரு நினைவுத் தட்டில் இருக்கும் எழுத்துகளிலிருந்துதான் தெரிகிறது. தட்சுயா தன் காதலை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். வெற்றியை மறைத்து, காதலை மட்டும் வெளிச்சத்தில் வைத்த முடிவு அது. அதன் பிறகு கதைக்கு என்ன பாக்கி?

அனிமே முடிந்து பதினொரு ஆண்டு கழித்து, 1998-ல், தொலைக்காட்சிக்காக எடுத்த 'மிஸ் லோன்லி யெஸ்டர்டே' படம் ஒரு பாக்கியைச் சரியாகவே கண்டுபிடித்தது. மூலத்திலேயே, வட்டாரப் போட்டியில் வென்றதும் தட்சுயாவுக்குள் ஏதோ வற்றிப்போகிறது. தம்பியின் கனவைச் சுமந்தவன் அதை இறக்கி வைத்துவிட்டான்; இனி எதற்காகப் பந்து வீச வேண்டும்? படத்தில் அவன் கல்லூரி மாணவன். பேஸ்பாலை விட்டு விலகி நிற்கிறான். விளையாட்டுக் கதைகள் வென்றவனை வெற்றியோடு நிறுத்திவிடுவது வழக்கம். கடன் வாங்கிய கனவு நிறைவேறியவனுக்குச் சொந்தக் கனவு என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை, வயதான பிறகுதான் கேட்க முடியும். முதல் தொடரைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவர்கள் 1998-ல் வேலையில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் இது உறைத்திருக்கும். தட்சுயாவுக்கு மிட்சுயா யூஜியும் மினாமிக்கு ஹிடாகா நோரிகோவுமே மறுபடி குரல் கொடுத்தது இந்தத் தொடர்ச்சிக்கு வலு.

இரண்டாவது பாக்கி மினாமி. மூலத்தில் அவள் அழகி, படிப்பாளி, ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. ஆனாலும் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு எல்லைக்கோடாகவே நிற்கிறாள். அவளுக்கென்று என்ன வேண்டும் என்று கதை ஆழமாகக் கேட்டதில்லை. 2001-ல் வந்த அடுத்த படம் 'கிராஸ் ரோடு' அவள் கையில் கேமராவைக் கொடுக்கிறது. புகைப்படக் கலைஞரிடம் உதவியாளராகத் தொழில் கற்கிறாள். தட்சுயாவோ அமெரிக்காவில் ஒரு சிறிய அணியில் ஆடிக்கொண்டிருக்கிறான். அவளுக்கென்று ஒரு பிழைப்பும் திறமையும் அமைவது நல்ல திருத்தம். ஆனால் பாதித் திருத்தம். ஓரத்தில் நின்று அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்திருந்தவளுக்கு, பார்ப்பதையே உத்தியோகமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

சறுக்கல் காதலில்தான். காதல் கணக்கை அடாச்சி தீர்த்துவிட்டுப் போனார். படம் ஓட ஏதாவது இழுபறி வேண்டுமே என்று தீர்ந்த கணக்கை மறுபடி திறக்கிறார்கள். முதல் படத்தில் ஒரு புதிய பெண் குறுக்கே வருகிறாள். இரண்டாவதில் அமெரிக்காவில் ஆலிஸ் என்ற பெண். தட்சுயா பழையபடி வாயைத் திறக்காமல் நழுவுகிறான். பதினேழு வயதில் அந்த மௌனத்துக்குக் காரணம் இருந்தது: செத்துப்போன தம்பியும் அவளை விரும்பினான். பேசினால் துரோகம், பேசாவிட்டால் வேதனை. உலகில் எவரையும்விட அவளை விரும்புவதாகச் சொல்லிவிட்டவன் இருபது தாண்டியும் அதே மௌனத்தில் ஒளிந்தால், அது கூச்சமாகத் தெரியாது, பொறுப்பில்லாத்தனமாகத் தெரியும். ஆறிய காப்பியைச் சுடவைத்தால் சூடு வரும், மணம் வராது.

இடமும் இங்கே ஒரு விஷயம். 'டச்'சில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் நடக்கும்: ஒட்டிய இரண்டு வீடுகள், மூவருக்கும் பொதுவான படிப்பறை, மினாமியின் அப்பா நடத்தும் காப்பிக் கடை. பக்கத்திலேயே இருந்தும் சொல்ல முடியவில்லை என்பதுதான் கதையின் இறுக்கம். இருவருக்கும் நடுவில் ஒரு பெருங்கடலை வைத்ததும் அந்த இறுக்கம் தளர்ந்து, சாதாரணப் பிரிவுக் கதையாகிவிடுகிறது.

திரும்பி வருவதற்கு வேறு வழிகளும் உண்டு. அடாச்சியே 2012-ல் 'மிக்ஸ்' மாங்காவைத் தொடங்கி மெய்செய் பள்ளிக்குத் திரும்பினார். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழிந்த மெய்செய்; ஆடுபவர்கள் புதிய பிள்ளைகள். பழைய காதலர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அவர் காட்டுவதில்லை; அந்த ஒரு வெற்றி பள்ளியின் பழங்கதையாகியிருக்கிறது, அவ்வளவுதான். 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்து மாங்காவைப் படைத்த இனோவே டகேஹிகோ, 2004-ல் மூடப்பட்டிருந்த ஒரு பள்ளியின் கரும்பலகைகளில், கதை முடிந்து பத்து நாள் கழிந்த வாழ்க்கையைச் சாக்பீஸால் வரைந்தார். பின்பு 2022-ல் தானே இயக்கிய படத்தில் முன்னோக்கிப் போகாமல், மாங்காவில் அதிகம் சொல்லப்படாத மியாகி ரியோடாவின் கடந்த காலத்துக்குப் போனார். இருவருமே முடிவைக் கலைக்காமல், வாசகர் அறியாத பக்கத்தில் கதவு திறந்தார்கள்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. பழைய பாத்திரங்களைத் திரும்ப அழைப்பது குற்றமில்லை. மூலம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவே. தட்சுயாவுக்கு பேஸ்பால் என்ன என்ற கேள்வி அப்படிப்பட்டது; 1998 படம் அதற்காகவே பார்க்கத் தகுந்தது. மினாமிக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அதைவிடப் பெரியது. 2001 படம் அதைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டது. இருவரும் சேர்வார்களா என்பதோ ஏற்கெனவே பதில் வந்த கேள்வி. இரண்டு படங்களும் நேரத்தை அதிகம் செலவழித்தது அதில்தான். மினாமியை மையத்தில் நிறுத்தி, தட்சுயாவின் காதலைச் சந்தேகிக்காமல், அவள் தொழிலையும் லட்சியத்தையும் பேசும் ஒரு படம் எடுத்திருந்தால் இந்தத் திரும்பி வருதலுக்கு முழு நியாயம் கிடைத்திருக்கும்.